ஏசுரத்தினம் மெமோரியல்

மரப்பாலம் எஸ்டேட் டிவிஷனில் வருசத்துக்கு ஒரு வாரம் மலை வாய் திறக்கும். தை மாதக் கடைசியில், உறைபனி விழுந்து கொழுந்து பாதிக்கு மேல் கருகி, தேயிலைக்கும் ஆளுக்கும் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கிற நாட்களில், ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்குக் கீழேயுள்ள கிரவுண்டில் பந்து மேட்சு நடக்கும். சுற்றிலும் நிற்கிற சில்வர் ஓக் மரங்களில் நாலு திசைக்கும் ஹாரன் கட்டி, ஜெகன் மைக்கைப் பிடித்துவிட்டான் என்றால் சத்தம் தேவிகுளம் தாலுகா ஆபீஸ் வரைக்கும் போகும் என்று பையன்கள் பீற்றிக்கொள்வார்கள். அது கொஞ்சம் கூடுதலான பேச்சு. ஆனால் கிரவுண்டுக்கு மேல் சரிவில் நின்று கொழுந்து வெட்டுகிற மதலேனம்மாளுக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்கும்.

"அன்பார்ந்த கால்பந்து ரசிகர்களே! ஏசுரத்தினம் மெமோரியல் எவர்ரோலிங் டிராபிக்கான இன்றைய முதல் ஆட்டம் இன்னும் சற்று நேரத்தில்..."

சொல்லுகிறவன் ஜெகன். சொல்லப்படுகிறவன் அவள் மகன்.

கத்திரியைச் செடிமேல் சாய்த்துவிட்டு அப்படியே நின்றுவிடுவாள். ஹாரனில் கிளம்பிய பேர் எதிர்மலையில் போய் முட்டி, பாதி தேய்ந்து திரும்பி வருகிற வரைக்கும் நிற்பாள். பக்கத்து நிரையில் வெட்டுகிற சிவசங்கரி, "வந்துருச்சு மதனி, வெட்டுங்க" என்பாள். ஒரு நாளில் எத்தனை தடவை ஜெகன் சொன்னாலும் அத்தனை தடவையும் இந்தக் கூத்து நடக்கும். அந்த வாரம் முழுக்க மதலேனம்மாள் பையில் கொழுந்து குறைவாகத்தான் விழும். எடை போடப் போகும்போது சிவசங்கரி தன் பையிலிருந்து இரண்டு கை அள்ளி அதில் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவள்போல நடப்பாள்.

அந்தப் பேரை மதலேனம்மாள் தன் வாயால் ஒரு நாளும் சொன்னதில்லை. பெற்றவள் பிள்ளை பேரைச் சொல்லமாட்டாளா என்று கேட்டால், அது பிள்ளைக்கு வருவதற்கு முன்னால் மாமனார் பேர். மாமனார் பேரை மருமகள் சொல்லக்கூடாது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பாட்டன் பூட்டன்மார் மலையேறி வந்தபோது மூட்டை முடிச்சோடு கட்டிக்கொண்டு வந்த பழக்கம் அது. வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்களானாலும் பழக்கம் பழக்கம்தான். பேரன் பிறந்தபோது கிழவர் ஏசுரத்தினம் கோயில் வாசலில் ஒற்றைக்காலில் நின்றார். "எம்பேரு வைக்கதுன்னா ஞானஸ்நானத்துக்கு வாரேன். இல்லன்னா நீங்களே தலையில தண்ணிய ஊத்திக்கிடுங்க." வேறு வழியில்லாமல் அந்தப் பேரே விழுந்தது.

அன்றிலிருந்து மதலேனம்மாளுக்குப் பாடுதான். மகனை ராசு என்று கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது டீச்சர் பேர் கேட்க, இவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, "அவன்ட்டயே கேளுங்க டீச்சர், அவனுக்குத் தெரியும்" என்றாள். லயத்துப் பெண்கள் சும்மா விடுவார்களா? "ஏ மதனி, செபம் சொல்லும்போது ஆண்டவர் பேரு வருமே, அப்பம் என்ன செய்வீக?" என்று சீண்டுவார்கள். "நான் சேசுவேன்னுதான் சொல்லுவேன். பழைய செபப் புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு" என்பாள் இவள். அதற்கும் ஒரு சிரிப்பு கிளம்பும்.

அப்படிச் சொல்லாமல் காத்த பேருக்கு உரியவன் ஆறு வருசத்துக்கு முன்னால் ஆடி மழையில் போனான். லயத்துக்குப் பின்னால் தண்ணீர் போகிற ஓடை அடைத்துக்கொண்டது என்று மண்வெட்டியோடு போன பையன்களில் இவனும் ஒருவன். மேலே இருந்த மண் அப்படியே இறங்கிவிட்டது. மற்றவர்கள் ஓடிப் பிழைத்தார்கள். இவனை மண்ணிலும் தேடினார்கள், ஆற்றிலும் தேடினார்கள், அணைக்கட்டு வரைக்கும் ஆள் போய்ப் பார்த்தார்கள். ஒரு சட்டைத் துண்டுகூடக் கிடைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் ஒரு சிலுவையாவது நட்டு வைக்கலாம் என்று ஃபாதர் சொன்னபோது, "ஆளில்லாத எடத்துல எதுக்கு ஃபாதர்?" என்று சொல்லிவிட்டார் அவன் அப்பா சூசை. மதலேனம்மாளும் சம்மதிக்கவில்லை. சிலுவை நட்டுவிட்டால் திரும்பி வருகிறவன் அதைப் பார்த்து என்ன நினைப்பான் என்று அப்போது அவளுக்கு ஒரு கிறுக்குப் பிடித்திருந்தது. கிறுக்கு தெளிந்தபோது, சிலுவை நடுகிற காலமும் தாண்டிவிட்டது.

ராசு டிவிஷன் டீமுக்குக் கோலி, கோல் காக்கிறவன். பந்து வருகிற பக்கம் தெரிந்தவன்போலப் பாய்வான். அவனோடு விளையாடிய ஜெகனும் மற்றப் பையன்களும்தான் அடுத்த தையில் ஒரு கப் வாங்கி, அதில் அவன் பேரை வெட்டி, மேட்சு நடத்தினார்கள். முதல் வருசம் மைக்கில் பேரைக் கேட்டதும் மதலேனம்மாள் தேயிலைச் செடிக்குள் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். இரண்டாம் வருசம் நின்று கேட்டாள். அதற்கப்புறம் தைக்காகக் காத்துக்கிடக்க ஆரம்பித்தாள். மற்றவர்களுக்குக் கல்லறைத் திருநாளில் போய் உட்கார ஒரு மண்மேடு இருக்கிறது. அவளுக்கு அந்த ஹாரன்தான் இருந்தது.

இந்த வருசம் மார்கழி முடிகிற வரைக்கும் மேட்சுப் பேச்சே இல்லை. பாதிப் பையன்கள் திருப்பூருக்கும் எர்ணாகுளத்துக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். லயத்தில் மேட்சுக்குப் பணம் பிரிக்கப் போக ஆள் இல்லை, கேட்டாலும் கொடுக்கிற நிலையில் யாரும் இல்லை. ஒரு சாயங்காலம் கமிட்டிக் கூட்டம் முடிந்து சூசை வீட்டுக்கு வந்தார். பேக்டரியில் இலை வாட்டுகிற இடத்தில் வேலை பார்க்கிறவர், சட்டையில் எப்போதும் பச்சை வாடை அடிக்கும். அடுப்படியில் மதலேனம்மாள் கப்பைக்கிழங்கை வேகவைத்து உப்புத் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தாள்.

"கமிட்டில என்ன சொல்லுதாவ?"

"இந்த வருசம் மேட்சுப் பரிபாடி வேண்டாம்னுதான் பேச்ச எடுத்தானுவ. அப்பொறம் ஜெகன் ஒருத்தனக் கூட்டிட்டு வந்தான். எர்ணாகுளத்துக்காரன், ஷைஜுன்னு பேரு. கூரைக்குப் போடுத தகரம் விக்கிற கம்பெனி ஒண்ணு, கெரோலெக்ஸாம். அவங்களுக்காவ இவன் ஊரூரா பரிபாடி ஏற்பாடு செய்யுதவன். செலவு பூராவும் கம்பெனி ஏத்துக்கிடுது. ஜெர்சி, பூட்ஸு, ஸ்டேஜு, எல்லாம்."

"சும்மாவா?"

"சும்மா எவன் தருவான்? கப்புக்கு அவங்க பேரு."

கிழங்குச் சட்டியைக் கீழே வைத்தாள். "அப்பம் அவன் பேரு?"

"இருக்கும். பின்னால இருக்கும். மொதல்ல கெரோலெக்ஸ் கப்பு, அதுக்குப் பொறவு மெமோரியல். கேட்டுட்டுத்தான் தலைய ஆட்டுனேன்."

"என்ட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலியா ஒங்களுக்கு?"

"கேட்டா நீ வேண்டாம்பே. வேண்டாம்னா மேட்சே கெடையாது. மைக்கும் கெடையாது. முன்னால வரலன்னா என்ன, பின்னாலயாவது வரட்டும்னு நெனச்சேன்ட்டி." சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். "நாம செத்தாப் பொறவு இது நடக்குமா? இவனுவளே இன்னும் எத்தன வருசம் இருப்பானுவ?"

மதலேனம்மாள் காந்தாரி மிளகாயை உப்போடு நசுக்கித் தட்டில் வைத்தாள். பிறகு கேட்டாள்: "மைக்கு யாரு?"

"ஜெகன்தான்."

"அப்பம் சரி. அவன் பின்னால சொன்னாலும் சத்தமாச் சொல்லுவான்."

ஷைஜு வீட்டுக்கு வந்த அன்று மதலேனம்மாள் தனியாக இருந்தாள். சூசை பேக்டரிக்குப் போயிருந்தார். மகள் நிமி தேவிகுளத்தில் ஒரு லாட்ஜில் வேலை பார்க்கிறவள், சாயங்காலம்தான் வருவாள். வந்தவன் நல்ல பையன். செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு, தலை இடிக்காமல் குனிந்து வந்து, கொடுத்த கட்டன் சாயாவை ஊதி ஊதிக் குடித்தான். ராசு கோலியாக நின்ற கதையைக் கேட்டான். தன் அண்ணன் பைக்கில் போய் இறந்ததைச் சொன்னான். அதைச் சொல்லும்போது அவன் குரல் தடுமாறியதை மதலேனம்மாள் கவனித்தாள். அதனாலேயே அவனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

"அம்மச்சி, மோன்டெ பேரு பறயணும். பேனரில் வய்க்கான்."

மதலேனம்மாள் வாசலைப் பார்த்தாள். குழாயடியில் யாரும் இல்லை. சிவசங்கரி கடைக்குப் போயிருந்தாள். பேரைச் சொல்ல ஒரு வாய் இல்லாமல் லயமே அன்று காலியாகக் கிடந்தது. மைக்கில் கம்பெனிப் பேருக்குப் பின்னால் வரப்போகிற பேர். அதைச் சொல்லக்கூடாதா? சொல்லலாம்தான். நாக்கு எழும்பவில்லை. மணமாகி வந்த நாளிலிருந்து கட்டிப்போட்ட நாக்கு, தகரக் கம்பெனிக்காரன் கேட்டான் என்று சட்டென்று அவிழுமா?

"ராசுன்னு கூப்புடுவோம்" என்றாள்.

"ராசு. நல்ல பேராணல்லோ." செல்போனில் குறித்துக்கொண்டான். சுவரில் மாலை போட்டுத் தொங்கிய கிழவர் படத்தின் அடியில் பேரும் பிறப்பும் மறைவும் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது. பக்கத்தில் மகன் படம். அதன் கீழே ஒன்றும் எழுதவில்லை. மறைவு என்று எழுத சூசைக்குக் கை வரவில்லை. ஷைஜு கிழவர் படத்தைக் காட்டி, "இது ஆராணு, ஏசுரத்தினம்?" என்றான்.

"அது என் மாமனாரு."

"ஓ, செரி, செரி." அவன் முகத்தில் ஏதோ தெளிந்தது. "அம்மச்சி விஷமிக்கண்டா. மோன்டெ பேரு நல்ல வலுதாயிட்டு வய்க்காம்."

வருத்தப்பட வேண்டாம், மகன் பேரைப் பெரிதாகப் போடுவான் என்றது அவளுக்கு நன்றாகப் புரிந்தது. இன்னும் ஒரு பிஸ்கட் எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

மேட்சு தொடங்குகிற ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு அம்மாவும் மகளும் கிரவுண்டுக்குப் போனார்கள். கிரவுண்டே அடையாளம் தெரியவில்லை. கோல் கம்பத்தில் கெரோலெக்ஸ், மூலைக்கொடியில் கெரோலெக்ஸ், பந்து பொறுக்குகிற பொடியன்கள் முதுகில் கெரோலெக்ஸ். ஸ்டேஜுக்குப் பச்சையும் சிவப்புமாகத் தகரத்தில் கூரை போட்டிருந்தார்கள். ஜெர்சிக்கு உள்ளே இருக்கிற பையன் யார் என்று பெற்றவளுக்கே தெரியாது. வாசலில் இந்த மரத்துக்கும் அந்த மரத்துக்குமாக ஒரு பேனர். மதலேனம்மாளுக்கு மலையாள எழுத்து தெரியாது.

"அண்ணன் பேரு எங்கட்டி இருக்கு?"

நிமி இரண்டாம் தரமும் வாசித்தாள்.

"ஏட்டி, ஒன்னத்தான கேக்கேன்?"

"கெரோலெக்ஸ் கப்... அடியில ராசு மெமோரியல்னு போட்டிருக்கும்மா."

அதற்குள் ஜெகன் ஷைஜுவின் சட்டையைப் பிடிக்காத குறையாக நின்றான். "எவன்ட்டக் கேட்டுப் போட்டீரு? ராசு யாரு? இங்க ஒரு பயலுக்குத் தெரியுமா அந்தப் பேரு? பழைய கப்புல பேரு வெட்டிக் கெடக்குல்லா, கண்ணு இல்லியா?"

ஷைஜுவுக்கு முகம் வெளிறிப்போனது. "அது அப்பச்சன்டெ பேரல்லே? ஞான் போட்டோவில் கண்டதாணு. அப்பச்சன்டெ பேரில் கப்பு, மரிச்சது மோன். மோன்டெ பேரு வரட்டேந்நு கருதி... அம்மச்சி தன்னெயாணு ராசுந்நு பறஞ்ஞது."

கிழவர் பேரில்தான் கப்பு நடக்கிறது என்று அவன் நினைத்துவிட்டான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மதலேனம்மாளுக்குக் காலடியில் மண் இறங்கியது மாதிரி இருந்தது. "ஆமாலே ஜெகா" என்றாள். "நாந்தான் சொன்னேன். அவரு மேல குத்தமில்ல."

யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் அப்படிச் சொன்னாள் என்று அங்கே நின்ற தமிழ் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும்.  மாற்ற முடியுமா என்று கமிட்டி ஆட்களோடு நின்ற சூசை கேட்டார். பேனர் மட்டுமில்லை, புதுக் கப்பிலும் வெட்டியாகிவிட்டது, கம்பெனி எல்லாவற்றையும் பார்த்து ஒத்துக்கொண்டுவிட்டது, இனி ஒரு எழுத்தை மாற்றினாலும் தன் வேலை போய்விடும் என்றான் ஷைஜு. கையெடுத்துக் கும்பிட்டான். கும்பிட்ட கையைப் பார்த்து யார் சண்டை போடுவது?

அன்றைக்குக் கம்பெனி எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டு ஜெகன் தன் போக்கில் வாசித்தான். "கெரோலெக்ஸ் கப், ஏசுரத்தினம் மெமோரியல்!" என்று தொண்டை கிழியச் சொன்னான். மறுநாளும் சொன்னான். மூன்றாம் நாள் கம்பெனிக்காரர் ஒருவர் வந்து கேட்டுவிட்டுப் போனார். அதற்கு மறுநாள் அடிமாலியிலிருந்து வந்த வேறொரு ஆள் மைக்கில் நின்றான். ஜெகனுக்கு ஒரு ஜெர்சி கொடுத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

மேலே சரிவில் பனி விலகி வெயில் ஏறியது. கருகிய செடிகளை விட்டுவிட்டு, ஓடைப்பக்கம் தப்பித்த கொழுந்தை வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஹாரன் கரகரத்தது. மதலேனம்மாள் கத்திரியைச் சாய்த்தாள்.

"கெரோலெக்ஸ் கப் ஃபுட்பால் மேள! உறப்புள்ள மேல்க்கூர, கெரோலெக்ஸ்!"

எதிர்மலையும் அந்தக் கூரை விளம்பரத்தையே சொன்னது. மதலேனம்மாள் இன்னும் நின்றாள்.

"வெட்டுங்க மதனி" என்றாள் சிவசங்கரி. "வராது."

எப்போதாவது ஒரு தரம், பேப்பரில் இருப்பதால், அந்த ஆள் "ராசு மெமோரியல்" என்றும் வாசித்தான். அது இன்னும் கொடுமையாக இருந்தது. கஞ்சி குடிக்கக் கூப்பிட்ட பேர் அது. காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியைத் தடவிச் சொன்ன பேர். அந்தப் பேரில் அவனை உலகத்தில் அவள் ஒருத்திதான் கூப்பிட்டாள். கீழே வெளியூர் டீம் பையன்கள் "ராசுவாம்ல, ராசு" என்று சிரித்துக்கொண்டு போனார்கள். இருந்த இரண்டு பேரில் ஒன்றைத் தொலைத்து, ஒன்றைச் சந்தையில் விட்டுவிட்டேனே என்று அவள் அன்று இரண்டு தரம் விரலை வெட்டிக்கொண்டாள்.

பைனலுக்கு முந்தின சாயங்காலம் ஷைஜு மறுபடி வந்தான். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றான்.

"அம்மச்சி, நாளெ ஸ்டேஜில் ஒரு சின்ன வீடியோ எடுக்கும். கம்பெனிக்கு வேண்டி. அம்மச்சி மோனைப் பத்தி ரெண்டு வார்த்த பறயணும். பின்னே கம்பெனிக்கு ஒரு நன்றி."

"எனக்கு என்ன தம்பி பேச வரும்?"

"அம்மச்சி, கேளுங்க." குரலைத் தாழ்த்தினான். "பேரு நீங்க பறயணும். சரியாய பேரு. ஞான் பறஞ்ஞா கம்பெனி வெட்டிக்களயும். ஜெகன் பறஞ்ஞா வெட்டும். அம்ம பறஞ்ஞா வெட்டில்லா. அம்மயுடெ வாயில்நிந்நு வந்நதை ஆரு வெட்டும்?"

அவன் மனசாரத்தான் சொன்னான். அதில் பொய் இல்லை. தான் கெடுத்ததைத் தானே சரிசெய்யக் கிடைத்த வழி என்றுதான் நம்பினான்.

பைனல் அன்று கூட்டமான கூட்டம். காந்தலூரிலிருந்துகூட ஜீப்பில் ஆள் வந்திருந்தது. இருக்கிறதிலேயே நல்ல சேலையைக் கட்டி, தலையை எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு போனாள் மதலேனம்மாள். ஆட்டத்தை அவள் பார்க்கவில்லை. உள்ளுக்குள் அந்தப் பேரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மனசுக்குள் வருகிறது, பல்லுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிடுகிறது. மாமனார் கோயில் வாசலில் நின்ற நிலை கண்ணுக்கு முன்னால் வருகிறது. கிழவர் நல்லவர்தான். சாகிற அன்றும் பேரனைத்தான் கேட்டார்.

ஆட்டம் முடிந்து ஸ்டேஜில் ஏற்றினார்கள். ஒரு பெண் வந்து அவள் சேலையில் சின்னதாய் ஒரு மைக்கைக் குத்தினாள். காமிராவுக்கு இந்தப் பக்கம் ஷைஜு நின்றான். ஸ்டேஜுக்குக் கீழே சூசையும் நிமியும்.

"எம்மவன் கோலி" என்று ஆரம்பித்தாள். "நல்லா வெளையாடுவான். மழையில போனான். எங்க கெடக்கான்னு தெரியாது. கல்லற கெடையாது அவனுக்கு. இந்தக் கப்புதான்..." நிறுத்தினாள்.  சேலைத் தலைப்பு தானாக வாய்க்குப் போனது. அதைக் கையால் இழுத்துக் கீழே விட்டாள். "அவன் பேரு ராசு இல்ல. வீட்டுல கூப்புட்டது அது. அவன் பேரு... அவன் பேரு ஏசு... ஏசுரத்தினம்."

சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு நிமிர்ந்து எதிர்மலையைப் பார்த்தாள். எப்போதும்போல அது வாங்கித் திருப்பித் தரும் என்று நின்றாள். ஹாரனில் ஒரு சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"மைக்குல வரலியே?" என்றாள் அந்தப் பெண்ணிடம்.

"இது வீடியோக்கு மாத்திரம் உள்ள மைக்காணு அம்மச்சி. வெளியில கேக்கூலா. பின்னே வீடியோல வரும்."

"அப்படியா" என்றாள். பிறகு சொல்லச் சொன்ன நன்றியையும் சொன்னாள். தகரக் கம்பெனிக்காரர் கப்பைத் தூக்கிக் கொடுக்க, அவள் தொட்டுக்கொண்டு நிற்க, ஜெயித்த டீம் வெடி கொளுத்தியது.

வீட்டுக்கு ஏறும்போது நிமி முன்னால் போய்விட்டாள். சூசையும் இவளும் மெதுவாக நடந்தார்கள். 

"ஒங்க அப்பா பேரச் சொல்லிட்டேன். கோவமா?"

"நான் கீழதான நின்னேன். எனக்குக் கேட்டுச்சு." துண்டால் முகத்தைத் துடைத்தார். "இத்தன வருசத்துல ஒன் வாயில அந்தப் பேர இன்னைக்குத்தான் கேக்கேன். நல்லாத்தான் இருக்கு. அவன் இருக்கும்போதே ஒருக்காச் சொல்லியிருக்கலாம்ட்டி. கேட்டிருப்பான்."

அவள் வழியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். மைக் செட்டுக்காரர்கள் மரத்திலிருந்து ஹாரனை அவிழ்த்து இறக்குவது அங்கிருந்து தெரிந்தது.

மாசி பிறந்து வீடியோ வந்தது. லயத்தில் இருக்கிற எல்லோர் போனிலும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நிமி அம்மாவையும் அப்பாவையும் உட்காரவைத்துக் காட்டினாள். மேலிருந்து எடுத்த மலை, பனி, பந்து, பையன்கள். பிறகு மதலேனம்மாள் முகம். சுருக்கம் சுருக்கமாக, போன் கொள்ளாத அளவுக்கு. வயலின் மாதிரி ஏதோ வாசிக்கிறார்கள். அவள் உதடு அசைகிறது. தலைப்பைக் கையால் இழுத்துவிடுகிறாள். மறுபடி உதடு அசைகிறது. நிமிர்ந்து பார்க்கிறாள். வயலின் ஏறுகிறது. அடியில் எழுத்து ஓடுகிறது.

"என்ன போட்டிருக்கு?"

"ராசுவோட அம்மான்னு."

"சத்தத்தக் கூட்டுட்டி."

"முழுசாத்தான்மா வச்சிருக்கேன். பேச்ச எடுத்துட்டு மியூசிக் போட்டுட்டாவ."

யாரும் வெட்டவில்லை. ஷைஜு சொன்னது சரிதான். அம்மா வாயை வெட்டாமல் அப்படியே வைத்திருந்தார்கள். நிமி ஷைஜுவுக்குப் போன் போட்டாள். கப்பில் ஒரு பேர், அம்மா ஒரு பேர் சொன்னால் பார்க்கிறவர்கள் குழம்புவார்கள் என்று கம்பெனியில் முடிவெடுத்துவிட்டார்களாம், தனக்கே வீடியோ வந்த பிறகுதான் தெரியுமாம். அவன் அழுகிற மாதிரிப் பேசினான். நிமி பாதியிலேயே வைத்துவிட்டாள். சூசை போனை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "அந்தா, அந்த எடம். இப்பம் சொல்லுதா பாரு" என்று திரும்பத் திரும்ப ஓடவிட்டார்.

மறுநாள் மலையில் புதுக் கொழுந்து. பனி போன பிறகு துளிர்த்தது, பார்க்கவே கண் கூசுகிற பச்சை. பெண்கள் நிரை பிடித்து வெட்டினார்கள். கொஞ்ச நேரம் பொறுத்து சிவசங்கரி கேட்டாள்.

"மதனி, லயத்துல எல்லாரும் கேக்காவ. அந்த வீடியோல வாய் அசையுதே, சேலைய இழுத்துவிட்டுட்டு. என்ன சொன்னீக அங்கன?"

மதலேனம்மாள் கத்திரியை நிறுத்தினாள். "அவன் பேரு."

"பேரையா! நீங்களா?" சிவசங்கரி கண் விரிந்தது. "எங்க, சொல்லுங்க பாப்போம்."

மதலேனம்மாள் வாயைத் திறந்தாள். வரவில்லை. மறுபடி முயன்றாள். பிறகு தலையை அசைத்தாள். "ஒருக்காதான் வந்துச்சு சிவசங்கரி. அதயும் ஊரு கேக்காமப் போச்சு. நீ சொல்லேன். நான் கேக்கேன்."

சிவசங்கரி சுற்றிலும் பார்த்துவிட்டு, சின்னக் குரலில் சொன்னாள். "ஏசுரத்தினம்."

"சத்தமாச் சொல்லுட்டி."

சிவசங்கரி கத்திரியைக் கீழே போட்டாள். இரண்டு கையையும் வாயைச் சுற்றி வைத்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கூவினாள். "ஏசுரத்தினம்! ஏசுரத்தினம்!"

எதிர்மலை வாங்கிக்கொண்டது. மதலேனம்மாள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அந்தப் பேர் திரும்பி வருவதற்குள், வேறு டிவிஷனிலிருந்து அந்த வாரம்தான் மாறி வந்திருந்த சூப்பர்வைசர் கீழே ரோட்டில் பைக்கை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"யாரம்மா கூப்புடுறீங்க?" என்று கத்தினார். "அந்தப் பேர்ல நம்ம டிவிஷன்ல ஆளே இல்லியே!"